படிமக்கோப்பின் வடிவமாற்றமும் பாட நம்பகமும்: தாமிரபரணிக் கரை மூலச்சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓலைச்சுவடி, கல்வெட்டு, பழைய அச்சுநூல் ஆகியவற்றை இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் படிமங்களாகவே வாசிக்கின்றார். அப்படிமங்கள் அவர் கைக்கு வரும் முன்னரும், வந்த பின்னரும், ஒரு கோப்பு வடிவத்திலிருந்து வேறொன்றுக்கு இணையவழியில் மாற்றப்படுகின்றன. இம்மாற்றம் வெறும் தொழில்நுட்ப வசதியாகக் கருதப்படுவதால் ஆய்வேடுகளில் பதிவாவதில்லை. வடிவமாற்றம் என்பது படியெடுத்தலின் ஒரு வகையே என்றும், ஆதலின் அது மூலபாட ஆய்வின் விசாரணைக்கு உட்பட வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகின்றது. திருநெல்வேலி வட்டாரத்துச் சுவடிகளும் கல்வெட்டுகளும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மூலபாட ஆய்வு, ஓலைச்சுவடி, கல்வெட்டு, மைப்படி, படிமக்கோப்பு, வடிவமாற்றம், புள்ளி.

முன்னுரை

தமிழ் நூல்கள் ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து படிமத்துக்கும் இடம்பெயர்ந்துள்ளன. முதல் இரு பெயர்ச்சிகளில் நேர்ந்த பாடவேறுபாடுகளைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாக நாம் பேசி வருகிறோம். ஏடெழுதியோர் பிழை, எழுத்து மயக்கம், பதிப்பாசிரியர் திருத்தம் என அவற்றை வகைப்படுத்தும் சொற்கள் நம்மிடம் உள்ளன. மூன்றாம் பெயர்ச்சி குறித்தும் எண்ணிமப்படுத்தல் என்னும் தலைப்பில் கருத்தரங்குகள் நிகழ்கின்றன. ஆனால், படிமத்திலிருந்து படிமத்துக்கு நிகழும் நான்காம் பெயர்ச்சி கண்ணில் படுவதேயில்லை.

அது நிகழும் முறையை எண்ணிப் பார்க்கலாம். ஆழ்வார்திருநகரியில் ஓர் இல்லத்துச் சுவடியை ஆய்வாளர் ஒருவர் தம் கைப்பேசியால் படமெடுக்கிறார் எனக் கொள்வோம். அக்கைப்பேசி ஹெய்க் வடிவில் படத்தைச் சேமிக்கின்றது. துறைக் கணினி அதைத் திறக்க மறுக்கின்றது. அவர் இணையத்தில் கிடைக்கும் இலவச மாற்றித் தளம் ஒன்றில் கோப்பை ஏற்றி ஜேபெக் ஆகப் பெறுகிறார். நெறியாளருக்குச் செய்திச் செயலி வழி அனுப்பும்போது அது மேலும் சுருங்குகின்றது. ஆய்வேட்டில் சேர்க்கையில் பிடிஎஃப் ஆகின்றது. பதிவேற்ற அளவுக்குள் அடங்க மீண்டும் சுருக்கப்படுகின்றது. நான்கு மாற்றங்கள் முடிந்த பின்னர் அடிக்குறிப்பில் 'மூலச்சுவடி' என்றே எழுதப்படுகின்றது. அவர் வாசித்தது எந்தப் படி என்பதைப் பின்வரும் ஆய்வாளர் அறிய வழியில்லை. இக்கட்டுரையின் வினா இவ்விடத்திலேயே எழுகின்றது.

தாமிரபரணிக் கரையின் சான்றுகள்

இவ்வினாவுக்குத் தாமிரபரணிச் சமவெளி பொருத்தமான களமாகும். பத்துப்பாட்டின் பதிப்பு 1889இல் வெளிவரும் முன் ஏடு தேடிய உ.வே.சாமிநாதையர் திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர் இல்லங்களை நாடிச் சென்றதை 'என் சரித்திரம்' விரிவாகக் கூறுகின்றது. தம் பதிப்புகளின் முகவுரைகளில் எந்தச் சுவடி எவரிடமிருந்து கிடைத்தது என்பதை அவர் பெயர் சுட்டிக் குறித்தார். நன்றி பாராட்டல் என்று மட்டும் இதைக் கொள்ள இயலாது. பாடத்தின் வழித்தடத்தை வாசகர் பின்தொடர்வதற்கான குறிப்பு அது. திருநெல்வேலியைச் சேர்ந்த ச.வையாபுரிப்பிள்ளை, 1940இல் வெளிவந்த சங்க இலக்கியச் சமாஜப் பதிப்பு உள்ளிட்ட தம் பணிகளில் சுவடி ஒப்பீட்டையே பதிப்பின் அடித்தளமாகக் கொண்டார். ஆக, சான்றின் வழித்தடத்தை வெளிப்படுத்தும் மரபு இம்மண்ணோடு நெருங்கிய தொடர்புடையது.

கல்வெட்டுகளைப் பொறுத்தவரை இக்கரையின் வளம் பெரிது. பூவிலுடையார் மலையில் உள்ள மறுகால்தலைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1906இல் அறியப்பட்டது. தமிழகத்தில் முதலில் அறியப்பட்ட குகைக் கல்வெட்டுகளுள் அதுவும் ஒன்று. அம்பாசமுத்திரம், திருவாலீசுவரம், மன்னார்கோயில், சேரன்மாதேவி ஆகிய ஊர்களின் கோயில்கள் பாண்டியர், சோழர் கால ஆவணங்களைத் தாங்கி நிற்கின்றன. முற்காலப் பாண்டியர் ஆவணங்களில் பெருவழக்காக இருந்த வட்டெழுத்து, சோழராட்சியின் வரவால் இப்பகுதியில் தமிழெழுத்துக்கு இடம் விட்டது. எனவே ஒரே ஆற்றங்கரையில் மூவகை எழுத்துகளை வாசிக்க வேண்டிய தேவை ஆய்வாளருக்கு உண்டு.

கல்வெட்டின் மைப்படியே ஒரு வடிவமாற்றந்தான். ஈரத்தாளைக் கல்லின்மீது பரப்பித் தூரிகையால் அடித்து மையொற்றி எடுக்கும் அப்படியில் எழுத்து வெண்மையாகவும் கல்லின் பரப்பு கருமையாகவும் தோன்றுகின்றன. கல்லின் ஆழம் கருமை வெண்மை என்னும் இருநிலையாகச் சுருங்குகின்றது. இதை அறிந்தே கல்வெட்டறிஞர் மைப்படியை 'மைப்படி' என்று பெயரிட்டுக் கையாண்டனர். கல் என்று சொல்லவில்லை. தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை மைசூரிலிருந்து சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டதும், படிகளும் மூலத்துக்கு நிகராகப் பேணத்தக்கவை என்னும் உணர்வை வெளிப்படுத்துகின்றது. அவற்றிலிருந்து எடுக்கப்படும் படிமங்களைக் குறித்தும் நமக்கு அதே விழிப்பு வேண்டும்.

வடிவங்களின் இயல்பு

படிமக்கோப்பு வடிவங்களை ஆய்வு நோக்கில் இரண்டாகப் பகுக்கலாம். படவணு எனப்படும் பிக்சல் ஒவ்வொன்றின் மதிப்பையும் மாற்றமின்றி மீட்டுத் தருவன இழப்பற்றவை. கண்ணுக்குப் புலப்படாது எனக் கருதும் செய்திகளை நீக்கி அளவைக் குறைப்பன இழப்புள்ளவை. பிஎன்ஜி முதல் வகையைச் சார்ந்தது. டிஃப் பெரும்பாலும் அவ்வகையில் பயன்படுகின்றது. ஜேபெக் இரண்டாம் வகை. வெப்பி, ஜேபெக் 2000 ஆகியவை இரு முறையிலும் இயங்கவல்லன. பிடிஎஃப் தன்னளவில் படிம வடிவமன்று. அது ஓர் உறை. அதனுள் இழப்பற்ற படிமமும் இருக்கலாம், கடுமையாகச் சுருக்கப்பட்டதும் இருக்கலாம். 'பிடிஎஃப் ஆகச் சேமித்தேன்' என்னும் கூற்று படிமத்தின் தரம் பற்றி எதையும் சொல்வதில்லை.

1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் படவணுக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களை மிகுதியாக நீக்குகின்றது. நிறச் செய்தியை ஒளிச் செய்தியைவிடக் குறைந்த செறிவில் வைப்பது அதன் பொது வழக்கம். முகம், வானம், வயல் போன்ற மென்மையான பரப்புகளுக்கு இம்முறை ஏற்றது. எழுத்து அத்தன்மையது அன்று. கூரிய விளிம்பே எழுத்து. அவ்விளிம்பைச் சுற்றியே ஜேபெக்கின் சிதைவு சாம்பல் நிறத் துகள்களாகத் திரள்கின்றது. மை ஏற்றிய ஓலையில் கருமைக்கும் பழுப்புக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாதலின் பாதிப்பு குறைவு. மை ஏற்றாத ஓலையில் எழுத்தாணிக் கீறல் மெல்லிய நிழலாகவே தெரியும். இழப்புள்ள சுருக்கம் முதலில் கைவைப்பது அந்நிழலின்மீதுதான்.

இங்கு ஒரு மயக்கத்தையும் களைய வேண்டும். ஜேபெக் கோப்பை டிஃப் ஆக மாற்றினால் இழந்தது மீளாது. கோப்பின் அளவு பெருகும், பெயர் மாறும், உள்ளிருக்கும் சிதைவு அப்படியே நிற்கும். ஆனால், ஆவணக்காப்பகங்கள் டிஃப் வடிவத்தைப் பாதுகாப்புத் தரமாகக் கொள்வதால், இத்தகைய கோப்பு மூலப்படிமம் என்னும் மதிப்பைப் பெற்றுவிடுகின்றது. பிற்காலப் படி ஒன்று பழைய ஓலையில் எழுதப்பட்டுப் பழஞ்சுவடியாக நம்பப்படுவதற்கு இது நிகராகும். இணையவழி மாற்றித் தளங்களின் எளிமையால் நேரும் தீங்குகளுள் இதுவே மிகப் பெரியது எனலாம்.

ஓலையின் நீளமும் படிமத்தின் அளவும்

ஓலைச்சுவடிக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. அதைக் கணக்கிட்டுக் காட்டலாம். 40 செ.மீ. நீளமும் 3.5 செ.மீ. அகலமும் உடைய ஓர் ஏட்டில் ஏழு வரிகள் உள்ளன எனக் கொள்வோம். அங்குலத்துக்கு 600 படவணு என்னும் செறிவில் அதை எண்ணிமப்படுத்தினால் ஏறத்தாழ 9449 × 827 படவணுக்கள் கிடைக்கும். சுருக்கமில்லாத வண்ணப்படிமமாக அதன் அளவு 23 மெகாபைட்டுக்கு மேல். ஒரு வரிக்கு 118 படவணு உயரம் அமையும். 0.15 மி.மீ. தடிப்புள்ள எழுத்தாணிக் கீறல் மூன்றரைப் படவணு அகலத்தில் பதியும்.

இக்கோப்பை மாற்றும் தளமோ செயலியோ நீளப்பக்கத்தை 1600 படவணு எனக் கட்டுப்படுத்தினால், ஏடு 1600 × 140 ஆகின்றது. செறிவு அங்குலத்துக்கு ஏறத்தாழ 102 ஆகக் குறைகின்றது. வரியின் உயரம் 20 படவணு. கீறலின் தடிப்பு ஒரு படவணுவுக்கும் குறைவு. மூலப்படிமத்தின் படவணுக்களில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவானவையே எஞ்சுகின்றன. இதன்மேல் ஜேபெக்கின் எட்டுக்கு எட்டுக் கட்டமும் விழுந்தால், ஓர் எழுத்து முழுவதும் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிடும்.

இதே கட்டுப்பாடு 22 செ.மீ. உயரமுள்ள அச்சுப் பக்கத்துக்கு விதிக்கப்பட்டால் செறிவு 185 ஆகவே குறையும். பக்கம் வாசிக்கத்தக்கதாக நிற்கும். நீளப்பக்கத்தை அளவுகோலாகக் கொள்ளும் மென்பொருள்கள் தாளையும் நிழற்படத்தையும் மனத்தில் கொண்டு அமைந்தவை. நீண்டு ஒடுங்கிய ஓலை அவற்றின் கணக்கில் இல்லை. ஆதலின் தாளுக்குத் தீங்கற்ற மாற்றம் ஓலைக்குத் தீங்காகின்றது. 'படம் நன்றாகத்தானே தெரிகிறது' என்று திரையில் முழு ஏட்டையும் பார்த்து ஆறுதல் கொள்வது இங்குப் பயன்படாது. பூச்சியரித்த துளையா, எழுத்தின் சுழியா என்பதை முடிவு செய்ய வேண்டிய இடத்தைப் பெருக்கிப் பார்க்கும்போதுதான் இழப்புத் தெரியவரும்.

புள்ளியும் சுழியும்

தமிழெழுத்து வரலாற்றில் புள்ளியின் இடம் தனித்தது. மெய்யெழுத்தும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்தது. எழுத்தாணி ஓலையைக் கிழிக்கும் என்னும் அச்சத்தாலும் விரைவு கருதியும் ஏடெழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்திக் காட்டும் இன்றைய வரிவடிவ மரபு வீரமாமுனிவருடன் இணைத்துப் பேசப்படுகின்றது. கயத்தாறு, காமநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் பணியாற்றிய அவரும் இவ்வட்டாரத்தோடு தொடர்புடையவரே. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் ஓலையில் இல்லாத புள்ளிகளைப் பொருளும் யாப்பும் நோக்கி இட்டனர். அச்சுப்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அவர்களுடைய தீர்ப்பின் அடையாளமாகும்.

அத்தீர்ப்புகளைப் படிமமாற்றம் அழிக்கவல்லது. அச்சில் 0.4 மி.மீ. விட்டமுள்ள புள்ளி, 600 படவணுச் செறிவில் ஒன்பது படவணு அகலம் பெறும். 150இல் இரண்டு அல்லது மூன்று மட்டுமே பெறும். படத்தைக் கருமை வெண்மை என இருநிலைப்படுத்தும்போது வெளிறிய புள்ளி வெண்மையில் கலந்துவிடும். 'தூசு நீக்கம்' என்னும் வசதி இயங்கினால், தனித்து நிற்கும் சிறு கரும்புள்ளிகள் அனைத்தும் தூசாகக் கணிக்கப்படும். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்துடலோடு ஒட்டாமல் தனித்து நிற்பது. எழுத்தோடு ஒட்டிய கோடுகளால் இயங்கும் எழுத்துமுறைகளுக்கு இவ்வசதி நன்மை தரும். தமிழுக்கு அது ஒலியையே நீக்கும் வசதியாகிவிடுகின்றது.

விளைவு சிறிதன்று. 'பல்' என்பதும் 'பல' என்பதும் சங்கச் செய்யுளில் பெயரடையாய் வருவன, பொருளால் நெருங்கியவை. புள்ளி மறைந்தால் வாசகர் ஐயுறாமல் 'பல' என்றே வாசிப்பார். ஆனால் நேரசை நிரையசையாகிச் சீரின் வாய்பாடு மாறிவிடும். யாப்பை ஆதாரமாகக் கொண்டு பாடத்தேர்வு செய்யும் ஆய்வாளர், முன்னைப் பதிப்பாசிரியர்மீது இல்லாத பிழையை ஏற்ற நேரிடும். அவ்வாறே 'செறு' வயல், 'சேறு' சகதி. இரண்டும் மருதநிலச் சூழலில் பொருந்துவன. இரட்டைச் சுழியா ஒற்றைச் சுழியா என்பதைக் காட்டும் சிறு வளைவு படிமத்தில் அடைபட்டுப்போனால், பாடவேறுபாடு ஒன்று புதிதாகப் பிறக்கின்றது. 'எரி', 'ஏரி' என்னும் சொற்களுக்கும் இதுவே நிலை. பாசன ஆவணங்கள் மிகுந்த இச்சமவெளியில் அவ்வேறுபாடு வரலாற்றுச் செய்தியையே மாற்றும்.

கல்வெட்டில் இச்சிக்கல் காலக்கணிப்பைத் தொடுகின்றது. தமிழ்ப் பிராமியில் புள்ளியிட்ட எழுத்து பிற்பட்ட கட்டத்தில் தோன்றுவது. ஐராவதம் மகாதேவன் புள்ளியின் தோற்றத்தை எழுத்து வளர்ச்சியை வரிசைப்படுத்தும் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டார். புள்ளி மறைந்த படிமம் கல்வெட்டை முற்பட்டதாகக் காட்டக்கூடும். பாறைக்குழியோ சுருக்கச் சிதைவோ புள்ளியாகத் தோன்றினால் பிற்பட்டதாகக் காட்டக்கூடும். வட்டெழுத்தின் பிற்கால வடிவில் ப, வ, ய ஆகியன உருவால் ஒன்றையொன்று நெருங்குபவை. அவற்றைப் பிரிக்கும் வளைவின் நுண்மை தெளிவற்ற படிமத்தில் நிற்பதில்லை.

ஒத்த உருக்களின் மாற்றீடு

இதுவரை சொன்னவை மங்கலால் நேரும் தீங்குகள். மங்கலை வாசகர் காணலாம், ஐயுறலாம். தெளிவாகத் தோன்றும் பிழை அதனினும் கொடிது. 2013 ஆகஸ்டில் ஜெர்மானியக் கணினியறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் வகை நகலெடுக்கும் கருவிகள் சில, ஆவணத்தின் எண்களை வேறு எண்களாக மாற்றி வெளியிடுவதைக் கண்டறிந்து வெளிப்படுத்தினார். 6 என்பது 8 ஆக மாறியிருந்தது. மாறிய எண் மங்கலின்றிக் கூர்மையாகவே இருந்தது. ஜேபிக்2 என்னும் சுருக்கமுறை, பக்கத்தில் ஒத்திருக்கும் உருக்களுள் ஒன்றை மட்டும் சேமித்து மற்ற இடங்களில் அதையே ஒட்டும் இயல்புடையது. ஒத்தவை எனத் தவறாகக் கணிக்கப்பட்ட உருக்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக அமர்ந்துவிட்டன. இதன் பின்னர் 2015இல் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஆவணக்காப்புக்கு இச்சுருக்கமுறை விலக்கப்பட்டது.

மேலை எண்களுக்கே இது நிகழ்ந்ததெனில் தமிழெழுத்துகளின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். எ–ஏ, ஒ–ஓ, ன–ண, ர–ா என நெருங்கிய உருவிணைகள் தமிழில் பல. சிறு எழுத்தில் அச்சிட்ட அடிக்குறிப்புப் பாடவேறுபாடுகளே இத்தகைய மாற்றீட்டுக்கு முதலில் இலக்காகும். பதிப்பாசிரியர் தம் உழைப்பையெல்லாம் பொதிந்து வைத்த இடமும் அவ்வடிக்குறிப்பே. ஏடெழுதியோர் செய்த எழுத்து மயக்கத்துக்கு ஓசை, பொருள், பழக்கம் என்னும் காரணங்கள் உண்டு. அவற்றை ஊகித்து மூலபாடத்தை மீட்கலாம். உருவொப்புமை ஒன்றையே அறிந்த கணிப்பின் மயக்கத்தை அவ்வாறு ஊகித்து மீட்பது அரிது.

அண்மைக்காலத்தில் வடிவமாற்றத்தோடு சேர்த்து 'தெளிவாக்கல்' என்னும் வசதியையும் தளங்கள் வழங்குகின்றன. செயற்கை நுண்ணறிவால் இயங்கும் இவ்வசதி, இல்லாத விளிம்புகளைத் தான் கற்ற படங்களைக் கொண்டு வரைந்து நிரப்புகின்றது. சிதைந்த கல்வெட்டில் அது நிரப்பும் கோடு எவருடைய வாசிப்பு? கல்வெட்டுப் பதிப்பாளர் ஐயத்துக்குரிய எழுத்தைப் பகர அடைப்பில் தருவர். தாம் சேர்த்த எழுத்துக்கு உடுக்குறி இடுவர். தெளிவாக்கிய படிமத்தில் அடைப்பும் இல்லை, உடுக்குறியும் இல்லை. ஊகமும் சான்றும் ஒரே மையில் எழுதப்பட்ட பக்கமாக அது நிற்கின்றது.

முடிப்புரை இழந்த படி

ஏடெழுதியோர் பலர் சுவடியின் இறுதியில் ஆண்டு, மாதம், நாள், எழுதியவர் பெயர், யாருக்காக எழுதப்பட்டது முதலிய செய்திகளைக் குறித்தனர். பிழை பொறுக்க வேண்டிய பணிவும் அங்கே இடம்பெறும். இம்முடிப்புரையே சுவடியின் காலத்தையும் வழியையும் அறிய உதவுகின்றது. எண்ணிமப் படிமத்துக்கும் ஒரு முடிப்புரை உண்டு. எடுத்த நாள், நேரம், கருவி, செறிவு, நிறக்குறிப்பு, சிலவற்றில் இடக்குறிப்பு ஆகியவை கோப்பினுள்ளேயே பொதிந்திருக்கும். இணையவழி மாற்றத்தில் இச்செய்திகள் பெரும்பாலும் நீக்கப்படுகின்றன. கோப்பின் பெயரும் எண்கோவையாக மாறிவிடுகின்றது. ஏட்டெண் எழுதிய விளிம்பைப் படத்திலிருந்து வெட்டியிருந்தால், அவ்வேடு எந்தச் சுவடியின் எத்தனையாவது இதழ் என்பதும் தெரியாமற்போகும்.

நிறக்குறிப்பின் இழப்பும் கருதத்தக்கது. ஓலையின் பழுப்பு, மையின் கருமை, பிற்காலக் கை இட்ட வேறு மை ஆகியவற்றின் வேறுபாடு சுவடியியலுக்குச் சான்று. நிறக்குறிப்பு நீங்கிய படிமம் திரைக்குத் திரை வேறு நிறம் காட்டும். இரு கைகள் எழுதிய சுவடி ஒரு கையால் எழுதப்பட்டதாகத் தோன்றவும் கூடும்.

உரிமை குறித்த வினாவும் இதனுள் அடங்கும். கவிராயர் மரபினரோ, வில்லிசைக் கலைஞரோ தம் இல்லத்து ஏட்டையும் நோட்டுப் புத்தகத்தையும் படமெடுக்க இசைவது, நேரில் வந்த ஆய்வாளர்மீது கொண்ட நம்பிக்கையால். அக்கோப்பை அயலாரின் வழங்கியில் ஏற்றுவதற்கு அவ்விசைவு நீளுமா என்று நாம் கேட்பதில்லை. மாற்றம் முடிந்ததும் கோப்பு அழிக்கப்படும் என்று தளம் அறிவிக்கலாம். அதைச் சரிபார்க்கும் வழி ஆய்வாளரிடம் இல்லை.

மறுப்பும் விடையும்

இக்கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இணையவழி மாற்றமே எளிய ஆய்வாளருக்குக் கதவைத் திறந்தது. பழைய மின்னூலகப் படிமங்கள் பல, தனி நிரல் இன்றித் திறவாத வடிவங்களில் இருந்தன. இணைய ஆவணக்காப்பகம் 2016இல் டிஜாவு வடிவத்தை உருவாக்குவதை நிறுத்தியது. முன்பே அவ்வடிவில் சேமித்தோர் மாற்றியே தீர வேண்டும். சிற்றூர்க் கல்லூரியில் பயிலும் மாணவருக்கு விலையுயர்ந்த வருடியும் மென்பொருளும் கிட்டுவதில்லை. கைப்பேசியும் இலவசத் தளமும் இல்லையெனில் அழிந்திருக்கும் ஏடுகள் பல. நுண்மையை வற்புறுத்துவது வசதியுள்ளோரின் கட்டளையாக முடியாதா?

இம்மறுப்பில் உண்மை உண்டு; அதை மதிக்க வேண்டும். ஆயினும் இங்கு எதிர்க்கப்படுவது மாற்றமன்று, மாற்றத்தை மறைத்தல். வாசிப்பதற்கும் பகிர்வதற்கும் சிறிய படிமம் போதும். பாடத்தை முடிவு செய்வதற்கு அது போதாது. எந்தப் படிமத்தை எதற்குப் பயன்படுத்தினோம் என்று சொல்வதற்குச் செலவு ஏதுமில்லை. உ.வே.சா.விடம் இன்றைய கருவிகள் எவையும் இருந்ததில்லை. எனினும் எந்தச் சுவடியைக் கண்டார் என்பதை எழுதி வைத்தார். மேலும், இழப்பற்ற மாற்றத்தைச் செய்யும் கிம்ப், இமேஜ்மேஜிக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இணைய இணைப்பின்றியும் இயங்குகின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் கோப்பு ஆய்வாளரின் கணினியை விட்டு வெளியேறுவதும் இல்லை.

பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து ஐந்து நெறிகளை முன்மொழியலாம்.

1. கருவி முதலில் தந்த கோப்பை எவ்வகையிலும் மாற்றாது தனியே பேணல் வேண்டும். மாற்றங்கள் அதன் படியில் மட்டுமே நிகழ வேண்டும்.

2. பாடத்தை முடிவு செய்யும் வாசிப்புக்கு இழப்பற்ற படிமமே அடிப்படையாக வேண்டும். ஓலையை அளவிடும்போது நீளப்பக்கத்தைக் கருதாமல், வரியொன்றின் உயரம் எத்தனை படவணு என்பதைக் கருத வேண்டும்.

3. தூசு நீக்கம், இருநிலைப்படுத்தல், தெளிவாக்கல் ஆகியவற்றுக்கு உட்பட்ட படிமத்தைச் சான்றாகக் காட்டுவதாயின் அதை வெளிப்படக் கூறுதல் வேண்டும்.

4. ஒவ்வொரு படிமத்துக்கும் முடிப்புரை ஒன்று எழுதப்பட வேண்டும். சுவடி அல்லது கல்வெட்டு இருக்குமிடம், ஏட்டெண், படமெடுத்த நாள், கருவி, செறிவு, நிகழ்ந்த வடிவமாற்றங்களின் வரிசை என்னும் ஆறு செய்திகள் அதற்குப் போதும்.

5. உடைமையாளரின் இசைவு பெறும்போது, கோப்பு எங்கெங்கு ஏற்றப்படும் என்பதையும் சொல்லிப் பெறுதல் வேண்டும்.

நான்காம் நெறியை ஆய்வேடுகள் ஏற்பதே முதற்படியாகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைக்குப் பின் ஆய்வேடுகள் மின்வடிவில் அளிக்கப்படுகின்றன. அவற்றின் பின்னிணைப்பில் உள்ள கல்வெட்டு, சுவடிப் படங்கள் பதிவேற்ற அளவுக்காகச் சுருக்கப்பட்டவை. மூலம் அழிந்த பின்னர் அப்பின்னிணைப்பே ஒரே சான்றாக நிற்கும் காலம் வரலாம். அப்போது அதை வாசிப்பவருக்கு நாம் விட்டுச் செல்லும் குறிப்பு எது என்பதே வினா.

முடிவுரை

படிமக்கோப்பின் வடிவமாற்றம் படியெடுத்தலே என்பதும், படியெடுத்தலுக்குரிய பிழைகள் அனைத்தும் புதிய உருவில் அதனுள் உள்ளன என்பதும் இக்கட்டுரையால் பெறப்படுகின்றன. மங்கலால் புள்ளியும் சுழியும் மறைகின்றன. ஒத்த உருக்கள் இடம் மாறுகின்றன. தெளிவாக்கல் இல்லாத கோட்டைச் சேர்க்கின்றது. மாற்றத்தின் வழித்தடம் அழிகின்றது. ஓலையின் நீண்டு ஒடுங்கிய அமைப்பும், தமிழெழுத்தின் தனித்து நிற்கும் புள்ளியும் இத்தீங்கைப் பிற எழுத்துமுறைகளைவிட மிகுவிக்கின்றன.

ஓலையில் இல்லாத புள்ளியைப் பதிப்பாசிரியர் ஒருவர் பல நாள் எண்ணி இட்டார். அதே புள்ளியை நாம் ஒரு நொடியில், அறியாமலே, நீக்கிவிடுகிறோம். நீக்கிய படியை வைத்து அவர் பதிப்பைத் திருத்தவும் முற்படுகிறோம். தாமிரபரணிக் கரையின் கவிராயர் இல்லங்களில் தொடங்கிய சுவடித் தேடல், இன்று கைப்பேசியின் கோப்பகத்தில் தொடர்கின்றது. தேடலின் கருவி மாறியிருப்பினும், எந்தப் படியைக் கண்டேன் என்று சொல்லும் கடமை ஆய்வாளருக்கு மாறவில்லை.